இறங்கிக்கொண்டிருந்த எண்

நான் பயந்தாங்கொள்ளி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி வாசலில் நின்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பெயர் சாமுண்டீஸ்வரி. "பேரைப் பாரு, பயத்தைப் பாரு" என்று கூட வேலை செய்யும் ஆன்டோ தினமும் ஒரு தடவையாவது கிண்டல் செய்வான். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் குமணன்சாவடி வரைக்கும் வந்துவிட்டு, வீடு இருக்கும் செம்பரம்பாக்கத்துக்கே திரும்பிப் போய்ப் பார்த்தவள் நான். முப்பத்தொன்பது வயதாகிவிட்டது, இனிமேல் மாறப் போவதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் பயந்ததெல்லாம் சரிதான். பயப்படாமல் செய்த ஒரே ஒரு காரியம்தான் தப்பு. ஆன்டோ இருட்டறைக்குள் போனது பதினொன்று நாற்பதுக்கு. அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது.

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். தகரக் கூரை போட்ட ஷெட். பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்க பிரஸ் மெஷின் 'தொம் தொம்' என்று அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் செய்வது டிடெக்டர். வெளிச்சம் சின்னச் சின்னத் துகள்களாக வருகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு துகள் வந்தாலும் வந்தது என்று சொல்கிற கருவி அது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துகள். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கம்பி ஒன்று, சில்லுக்குள்ளே வளைந்து வளைந்து போகும். அதை மைனஸ் இருநூற்று எழுபது டிகிரிக்குக் குளிர வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் அதில் ஓடும். மீக்கடத்தி என்பார்கள். ஒரு துகள் வந்து மோதினால், மோதின இடம் மட்டும் ஒரு கணம் சூடாகி, தடை வந்து, ஒரு துடிப்பு கிளம்பும். கம்ப்யூட்டர் அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும்.

தொல்லை என்னவென்றால், சூடு உள்ள எதுவும் அகச்சிவப்பை விட்டுக்கொண்டேதான் இருக்கும். சுவர் விடும், ஸ்டூல் விடும், மனுஷ உடம்பு இன்னும் அதிகமாக விடும். டிடெக்டரின் ஜன்னலுக்கு எதிரே ஒரு கறுப்புத் தகடு வைத்திருந்தோம். அறை சூடானால் தகடு சூடாகி எண் ஏறும். அறை குளிர்ந்தால் எண் இறங்கும். தகட்டுக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நின்றால் எண் இரண்டு மடங்காகிவிடும்.

அன்று மூன்று மணிக்கு பெங்களூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. இருட்டறையில், நொடிக்கு நூற்றைம்பதுக்குக் கீழே எண்ணைக் காட்டினால் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் எண் இருநூற்றுப் பதினான்கில் வந்து உட்கார்ந்துவிட்டது, நகரவே மாட்டேன் என்றது. எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது என்றார் இளங்கோ சார். அவர்தான் முதலாளி. வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே இருந்திருக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும் கேட்காமல் வந்து இந்த ஷெட்டைப் பிடித்தவர். நல்ல மனுஷர். அன்றைக்கு மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை.

அதனால் காலையிலிருந்து வெளிச்ச வேட்டை. அறைக்குள் இருக்கும் மெஷின்களில் மினுக்கும் சின்ன விளக்குகளையெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மூடுவது என் வேலை. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றாகத் தேடி, அலுமினியத் தாள் வைத்து, மேலே டேப்பைச் சுற்றி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை கூட இருந்தது. பதினொன்றாவது முடித்ததும், "ஒன்னு கூட விடல சார்" என்று போய்ச் சொன்னேன்.

சுவரிலும் கதவிலும் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது ஆன்டோவின் வேலை. இருபத்தேழு வயது, ஆவடிப் பையன், ஜனவரியில்தான் கல்யாணம் ஆனது. ஓட்டை தேடுவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் கறுப்புத் துணியைச் சொருகி, விளக்கை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் இருட்டில் சும்மா உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் கண் பழகும். ஊசி முனை அளவு வெளிச்சம் கூட அப்போது சுவரில் தெரியும். தெரிந்த இடத்தில் டேப்பை ஒட்டிவிட்டு, அடுத்ததைத் தேட வேண்டும். ஃபோன் எடுத்துப் போகக் கூடாது, அதன் வெளிச்சமே போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியது உள்ளே இருந்த நைட்ரஜன் கேன். ஜன்னலுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியைக் குளிர வைக்க, ஐம்பது லிட்டர் திரவ நைட்ரஜன். கேனுக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், நம் வீட்டு ஃபிளாஸ்க் மாதிரிதான். காலையில் வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்தேன், அதன் தோள்பட்டை வேர்த்திருந்தது. பக்கத்துப் பாடியில், வெற்றிடம் உண்டாக்கும் வாக்குவம் பம்ப் பட்டறையில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். வெற்றிடம் போன கேன்தான் வெளியே வேர்க்கும். அது போய்விட்டால் உள்ளே இருப்பது சும்மா கிடக்காது, கொதித்து வெளியே வந்துகொண்டே இருக்கும்.

"சார், இந்த கேன் வேர்க்குது" என்றேன்.

"மே மாசம் சாமுண்டி. தண்ணி பாட்டில் கூடத்தான் வேர்க்குது."

"நல்ல கேன் வேர்க்காது சார். வேற கேன் கேக்கலாமா?"

"இன்னிக்கு சனிக்கிழமை. இனிமே யார் கொண்டு வருவாங்க?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "போன மாசம் மாதிரி ஆரம்பிக்காதீங்க" என்றார்.

போன மாசம் நடந்தது இதுதான். ஆன்டோ உள்ளே இருந்தபோது ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்று நான் கதவைத் திறந்துவிட்டேன். அவன் தும்மியிருக்கிறான். ஐந்து மணி நேர அளவீடு வீணாகிப் போனது. இன்னொரு தடவை அந்தக் கதவில் கை வைத்தால் டெஸ்டிங்கில் இருக்க வேண்டாம், ஸ்டோருக்குப் போய்விடுங்கள் என்று சார் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அவமானத்தில்தான் நான் கேன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

நைட்ரஜன் விஷமில்லை. நாம் இழுக்கிற காற்றில் முக்கால்வாசிக்கு மேல் அதுதான். ஆனால் ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் எழுநூறு லிட்டர் வாயு. மூடிய அறைக்குள் அது நிறைய நிறைய, ஆக்சிஜன் வெளியே போய்விடும். வாசனை கிடையாது, இருமல் கிடையாது, மூச்சு முட்டுவது கூடத் தெரியாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்குமாம். அப்படியே சாய்ந்துவிடுவார்களாம். காப்பாற்றப் போகிறவனும் இரண்டு மூச்சில் பக்கத்திலேயே விழுவான் என்று பாதுகாப்புப் பயிற்சியில் சொன்னார்கள். பயிற்சி முடிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, மற்றவர்களோ அங்கே கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆன்டோ உள்ளே போகும் முன் நான் அவனை வாசலில் மறித்தேன்.

"கேன் கிட்ட உக்காராத. தல சுத்துற மாதிரி இருந்தா உடனே வெளிய வந்துடு."

"அக்கா, உள்ள அலாரம் கீது. ஆக்சிஜன் கொறஞ்சா அது கத்தும். அது கத்தறதுக்கு முன்னாடி நீ கத்துவ. எனக்கு இன்னா பயம்?" என்று சிரித்தான்.

"எத்தினி நேரம்?"

"பன்னண்டேகாலுக்கு வெளிய வந்துடுவேன். பிரியாணி சொல்லி வை."

கதவு மூடியது. உள்ளேயிருந்து துணியைச் சொருகும் சத்தம் கேட்டது. வெளிப்பக்கம் நான் டேப் ஒட்டினேன். தகடு ஆடக் கூடாது என்று ஏசியையும் அணைத்தோம். மே மாத வெயில், தகரக் கூரை. ஏசியை அணைத்தால் அறை மெல்ல மெல்லச் சூடாகத்தான் வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அன்று பயம் ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

நானும் ஆன்டோவும் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் டிடெக்டரின் ஜன்னலுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டுவான். வெளியே என் திரையில் எண் குபீரென்று ஏறி இறங்கும். நான் நலம் என்று அர்த்தம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, என் தொல்லை தாங்காமல் அவன் கண்டுபிடித்தது.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு எண் ஏறவில்லை. ஐம்பதுக்கும் ஏறவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே, "சார், ஆன்டோ கை காட்டல" என்றேன்.

"நான்தான் வேணாம்னேன். கிராஃப்ல அது பல்லு பல்லா நிக்குது. இன்னிக்கு சுத்தமான கிராஃப் வேணும்."

இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். உள்ளே இருப்பவன் நன்றாக இருந்தாலும் கை காட்டப் போவதில்லை, விழுந்து கிடந்தாலும் காட்டப் போவதில்லை. இரண்டுக்கும் திரையில் ஒரே எண்தான் வரும்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு எண் இருநூற்றுப் பதினான்கிலிருந்து இருநூற்று ஐந்துக்கு விழுந்தது. ஒரே தாவல். சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "புடிச்சிட்டான் பாத்தீங்களா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையாத்தான் இருக்கும்." எனக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. டேப் ஒட்டினவன் உயிரோடு இருக்கிறான் அல்லவா? அப்புறம்தான் உறைத்தது. எக்ஸாஸ்ட் ஓட்டையை அடைத்தால் வெளிச்சம் மட்டுமா நிற்கும்? வெளிச்சம் வருகிற வழிதான் அந்த அறைக்குக் காற்று வருகிற வழியும். காலையிலிருந்து நாங்கள் ஆளாளுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு அதைத்தான் அடைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எண் இறங்க ஆரம்பித்தது. இருநூற்று மூன்று. இருநூறு. நூற்றுத் தொண்ணூற்றாறு. சார் கையைத் தேய்த்துக்கொண்டார். நான் கிராஃபைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டையை அடைத்தால் எண் படி மாதிரி இறங்கும். அடைத்த அந்த நொடியில் விழும், அங்கேயே நிற்கும். இது படி இல்லை. பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி ஒரே சீராகச் சறுக்கிக்கொண்டிருந்தது.

"சார், இது ஓட்டை அடைச்சதால இல்ல."

"பின்ன?"

"அறை குளிருது."

"ஏசி ஆஃப்ல இருக்கு, எப்படிக் குளிரும்?"

"அதத்தான் கேக்கறேன்."

நூற்று எண்பத்தொன்று என்று திரை காட்டியது. அவர் கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. ஆறு மாதமாக அவர் பார்க்க ஆசைப்பட்டது அது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் ஆறு மாதமாக அதற்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மணி பன்னிரண்டு பதினைந்து. கதவு திறக்கவில்லை. நான் எழுந்து போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். டிடெக்டரைக் குளிர வைக்கும் மெஷினின் 'சிங், சிங்' சத்தம்தான் கேட்டது, அதற்குப் பின்னால் பக்கத்து ஷெட்டின் தொம் தொம். "ஆன்டோ" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தக் கதவுக்கு நாங்களே கனமான ரப்பர் விளிம்பு போட்டு, உள்ளே துணியும் அடைத்திருந்தோம். நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்குமா என்றே தெரியாது. கதவின் அடியில் சிமென்ட் தரையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. என் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், பயந்தால் இன்னும் சில்லிடும், அதனால் எது எதுவென்று புரியவில்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சார், தொறந்துடலாம்."

"நூத்தி அறுபத்தி மூணு. இன்னும் பத்தே நிமிஷம் சாமுண்டி. நூத்தம்பதுக்குக் கீழ போய் நின்னுட்டா கிராஃப் கையில இருக்கும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

"அவன் பன்னண்டேகாலுக்கு வரேன்னான்."

"இன்னொரு ஓட்டையத் தேடிட்டு இருப்பான். அவனுக்கு அது விளையாட்டு மாதிரி." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. ஏதாவதுன்னா அலாரம் அடிக்குமே. அடிக்கலையே."

அலாரம் அடிக்கவில்லை. அதைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. ஆக்சிஜன் குறைந்தால் அலறும், ஷெட் முழுக்கக் கேட்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்ட இரண்டு நொடிக்கு ஒரு தடவை பச்சை விளக்கு மினுக்கும்.

பச்சை விளக்கு.

நான் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். ஏசியில் ஒன்று. யூபிஎஸ்ஸில் இரண்டு. பம்ப் கன்ட்ரோலரில் மூன்று, ஆறாச்சு. வெப்பமானியில் ஒன்று. ஆம்ப்ளிஃபையரில் இரண்டு. ஸ்விட்ச் போர்டில் ஒன்று, பத்து. பதினொன்றாவது குனிந்து ஒட்டினேன். முழங்காலை மடக்கி, தரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒட்டினேன். விளக்கு சின்னது, பெட்டியும் சின்னது, விளக்கை மட்டும் மூடினால் ஓரத்தில் கசிகிறது என்று பெட்டியையே அலுமினியத் தாளால் பொதிந்து, மேலே நாலு சுற்று டேப். காற்று உள்ளே போக அதன் அடியில் சல்லடை மாதிரித் துளைகள் உண்டு. அதன் மேலேயும் ஓரத்தை நகத்தால் அழுத்தியது என் விரல்தான்.

காலையில் அடைத்த காற்றைத்தான் அந்தப் பெட்டி இன்னும் மோந்துகொண்டிருந்தது. அது கத்தாது. ஆன்டோ டீ குடிக்கப் போயிருந்தபோது நான் அதை மூடினேன், அவனுக்குத் தெரியாது. கத்தும் என்று நம்பித்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

கதவை நோக்கிப் போனேன் என்று சொன்னால் பொய். ஒரு நொடியோ இரண்டு நொடியோ நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேதான் இருந்தேன். திரையில் நூற்று ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு எழுந்து, டேப்பைக் கிழித்தேன். சார் பின்னால், "சாமுண்டி, என்ன பண்றீங்க" என்று எழுந்து வந்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். துணி சிக்கி, கதவு வர மறுத்தது. காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன்.

கதவு திறந்ததும் முதலில் பட்டது குளிர். வெள்ளைப் புகை தரையோடு தரையாக வந்து என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. உள்ளே பார்த்தேன். எதிர்ச் சுவரில் சாய்ந்து ஆன்டோ உட்கார்ந்திருந்தான். தலை மார்பில் தொங்கியது. கையில் டேப் சுருள். மூலையில் கேன் முழுக்க வெள்ளையாக உறைபனி பிடித்து நின்றது.

"ஆன்டோ" என்று கத்திக்கொண்டு சார் என்னைத் தாண்டி உள்ளே பாயப் போனார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பட்டன் தெறித்தது.

"உள்ள போனா நீங்களும் விழுவீங்க. ரெண்டு பேர என்னால இழுக்க முடியாது."

"விடுங்க. அவன் செத்துடுவான்."

"விடமாட்டேன். மொதல்ல காத்து."

எங்களுக்கும் அவனுக்கும் நடுவே எட்டடி. அவன் உதடு நீலமாக இருப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே வெளியே நிற்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. என் வாழ்க்கையில் நான் பயந்த எதுவும் இதற்கு உறை போடக் காணாது. வாட்ச்மேன் எத்திராஜைக் கூவி அழைத்தேன். அவர் கேட்டிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா மேடம் ஆச்சி?"

"ஷட்டர மேல தூக்குங்க. அந்தப் பெரிய ஃபேன இங்க தள்ளுங்க. சீக்கிரம்."

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஷட்டர் ஏறியது. சார் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து கதவு முன்னால் வைத்தார். காற்று உள்ளே அடித்தது, புகை கலைந்தது. நான் ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவன் இரண்டு கணுக்காலையும் பிடித்தேன். கனமாக இருந்தான். பாதி தூரம் வந்ததும் என் காது அடைத்துக்கொண்டது, வாய் திறந்துவிடப் போகிறது என்று தோன்றியது. கதவிலிருந்து சார் கையை நீட்டி என் இடுப்புத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் வெளியே வந்து விழுந்தோம்.

எத்திராஜ் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார். "மூச்சு கீதா இல்லியான்னே தெரிலயே மேடம்."

பயிற்சியில் பொம்மை மேல் செய்ததை அவன் மேல் செய்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வாயை வைத்து ஊதினேன். அவன் உதடு ஐஸ் மாதிரி இருந்தது. நாலாவது தடவையா ஐந்தாவது தடவையா தெரியாது, அவன் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அவனே இழுத்தான். நான் அழுதேன். சார் ஃபோனில் ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார், எந்தத் தெரு என்பதையே மறந்துவிட்டு எத்திராஜிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆனது. நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். அவன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மூளைக்குக் காற்று போகாத நிமிஷங்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, கண் விழித்துப் பேசினால்தான் சொல்ல முடியும் என்றார். அந்த நிமிஷங்களை என்னால் சொல்லியிருக்க முடியும். கிராஃபில் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

ஆவடியிலிருந்து ஆன்டோவின் மனைவி ஸ்டெஃபி வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர், லீவில் வீட்டில் இருந்தவள் அப்படியே ஆட்டோ ஏறி வந்திருக்கிறாள், கால் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. எத்திராஜ் அவளிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் கதவத் தொறக்கலன்னா என்ன ஆயிருக்கும்கா? கர்த்தர்தான் உங்கள அங்க உக்கார வெச்சிருக்காரு."

என் கை அவள் கண்ணீரில் நனைந்தது. நாலரை மணிக்கு நர்ஸ் வந்து, விழித்துவிட்டார், தன் பேரைச் சொன்னார், ஸ்டெஃபி பேரையும் சொன்னார் என்றாள். ஸ்டெஃபி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெகு நேரம் இருந்தாள். இன்னும் பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு ஆள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

தலையை நிமிர்த்தியபோது ஸ்டெஃபிக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"அக்கா, உள்ள ஏதோ பெட்டி இருக்கு, ஆக்சிஜன் கொறஞ்சா கத்தும், நீ பயப்படாதன்னு அவரு சொல்வாரே. அது கத்தலையா?"

எனக்கு முன்னால் இளங்கோ சார் பேசிவிட்டார். "அது ரிப்பேர் ஆயிருந்திருக்கும்மா. மெஷின்தானே. ஆள விட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஆன்டோவை இழுத்தபோது சுவரில் இருந்த அந்தக் கறுப்புப் பொட்டலத்தை அவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேன் வேர்த்ததைப் பற்றி நான் பேசாமல் இருந்தால், டேப்பைப் பற்றி அவர் பேச மாட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் பயந்திருந்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேலை இருக்கும். போலீஸ் கீலீஸ் என்று எதுவும் வராது. இந்தப் பெண் காலத்துக்கும் என்னைத் தெய்வமாகப் பார்ப்பாள். பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. நான் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன்.

"ரிப்பேர் இல்ல ஸ்டெஃபி" என்றேன். "நான்தான் மூடினேன். அதுல இருந்த வெளக்கு அளவீட்டக் கெடுக்குதுன்னு பெட்டியோட சேத்து டேப் சுத்திட்டேன். கேன் சரியில்லன்னும் காலைல தெரியும். ஒரு தடவ சொன்னேன், அப்புறம் சொல்லல."

சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெஃபி என் கையை விடவில்லை. பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது போல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டாள்.

"நீங்க மூடினது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது கத்தும்னு நம்பித்தான் உள்ள போனான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, யார் வருகிறீர்கள் என்றாள். ஸ்டெஃபி எழுந்தாள். இரண்டு அடி வைத்தவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கக்கா. என்கிட்ட சொன்னத அவர்கிட்டயும் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் பாக்கறேன்."

கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே பத்தடி இருக்கும். மத்தியானம் அவன் கண் திறக்க வேண்டும் என்று எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ, அத்தனை சாமியையும் இப்போது அவன் தூங்கிக்கொண்டிருக்கட்டும் என்று கூப்பிட்டேன். அப்படி நினைத்ததற்கு எனக்கே அசிங்கமாக இருந்தது. அவன் விழித்துத்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.